மாமனாரின் உளிகளும் கோயில் தட்டுகளும்: உலோகத்தில் எழுத்துப் பொறிக்க விரும்பும் வாசகிக்கு ஒரு பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தையல் இயந்திரத்தில் வேலை பார்த்தவர்; ஆலை மூடப்பட்ட பிறகு அவருக்கு நிலையான வருமானம் இல்லை. பொற்கொல்லராக இருந்து மறைந்த அவருடைய மாமனார், மரப்பிடி போட்ட செதுக்குளிகள் நிறைந்த ஒரு தகரப் பெட்டியையும், இரண்டு எண்ணெய்க் கற்களையும், அரக்கு நிரப்பிய ஓர் இரும்புக் கிண்ணத்தையும் விட்டுச் சென்றிருக்கிறார். அவற்றைக் கொண்டு பித்தளையிலும் வெள்ளியிலும் பெயர் பொறித்துக் கொடுத்துச் சிறிது சம்பாதிக்கலாம் என்பது வாசகியின் எண்ணம். ஆனால் உளி வழுக்கிப் பொருளின் மேல் நீளக் கோடு போட்டுவிடுகிறது. வளைவுகளின் ஓரத்தில் பிசிறு எழுகிறது. வீட்டுக் குத்துவிளக்கில் முயன்றபோது நுனியே ஒடிந்துவிட்டது. பழைய உளிகள் இனி உதவாது, காற்றழுத்தத்தில் இயங்கும் செதுக்கு இயந்திரம் வாங்கினால்தான் ஆகும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லி, 45,000 ராண்டுக்கு ஒன்றைக் காட்டியிருக்கிறார். இதற்கிடையில் கோயில் கமிட்டி, தைப்பூசக் காவடிக்கு முன் பன்னிரண்டு பித்தளைத் தட்டுகளில் உபயதாரர் பெயர்களைத் தமிழில் பொறித்துத் தரச் சொல்லியிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா ஒரு தங்க வளையலையும் கொடுத்து வைத்திருக்கிறார். உள்ளங்கை வலிக்கிறது, இரவில் விரல்கள் மரத்துப்போகின்றன என்றும் வாசகி எழுதுகிறார். இயந்திரம் வாங்கலாமா, வேலைகளை ஒப்புக்கொள்ளலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளைவிட, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. மழுங்கிய உளிகளை உங்கள் மகன் கராஜில் உள்ள சாணை இயந்திரத்தில் பிடித்துக் கூராக்கித் தந்ததாகவும், அப்போது நுனிகள் சற்று நீலமாகிவிட்டதாகவும் சொல்கிறீர்கள். உங்கள் தொல்லைகளில் பாதிக்குக் காரணம் அந்த நீலம். மற்ற பாதிக்குக் காரணம் பொருளை நீங்கள் பிடிக்கும் முறை என்று ஊகிக்கிறேன். இரண்டுமே அதிகப் பணச் செலவின்றிச் சரிசெய்யக்கூடியவை என்பதால், இயந்திரத்தைப் பற்றிய முடிவைச் சில மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை.

நுனியைச் சரிசெய்வது

அந்தத் தலைமுறைப் பொற்கொல்லர்கள் வைத்திருந்த உளிகள் பெரும்பாலும் கார்பன் ஸ்டீலால் ஆனவை. இந்த எஃகு சிவக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும்போது கண்ணாடிபோல் கடினமாகும். பிறகு சுமார் 220 முதல் 230 பாகை செல்சியஸ் வரை மெல்லச் சூடாக்கினால், வெளிர் வைக்கோல் நிறம் தோன்றும்போது, வெட்டும் கடினமும் ஒடியாத உறுதியும் ஒருசேர அமையும். சூடு 290, 300 பாகையைத் தொட்டால் நிறம் நீலமாகிக் கடினம் இறங்கிவிடும். வேகமாகச் சுழலும் உலர்ந்த சாணையில் மெல்லிய நுனி இந்தச் சூட்டை ஒரு நொடியில் எட்டிவிடும். நீலமான நுனி சாணையிலிருந்து எடுத்தவுடன் கூராகத்தான் தெரியும். பித்தளையில் நான்கு கோடு போட்டதும் மழுங்கும். மழுங்கிய உளி உலோகத்துக்குள் இறங்காமல் மேலே சறுக்கும், நீங்கள் இன்னும் பலமாகத் தள்ளுவீர்கள், அது வழுக்கி ஓடும். ஆகவே உங்கள் மாமனாரின் உளிகள் உதவாதவை என்ற முடிவை ஏற்காதீர்கள். நீலம் பரவிய பகுதியை மட்டும் நீக்கிவிட்டால் அடியில் நல்ல எஃகு இருக்கிறது. உளியை வெறும் விரலால் நுனிக்கு அருகில் பிடித்துக்கொண்டு, ஓரிரு நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் தோய்த்துச் சாணையில் தேய்த்து வாருங்கள். விரலுக்குச் சுட்டால் எஃகுக்கும் சுடுகிறது என்று பொருள். பொறுமை இருந்தால் இயந்திரத்தைத் தொடாமல் கரடான கல்லிலேயே கையால் தேய்த்து எடுப்பது இன்னும் பாதுகாப்பானது.

பெட்டியிலிருந்து முதலில் ஒரே ஓர் உளியை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுமுகம் சதுரமாகவோ சாய்சதுரமாகவோ இருந்து, கீழ்ப்பக்கம் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் கூடும் உளியே எழுத்து வேலைக்கு அடிப்படை. தட்டை உளி, வட்ட உளி, ஒரே தள்ளலில் பல கோடு போடும் வரி உளி ஆகியவற்றை ஆறு மாதம் கழித்துத் தொடலாம்.

இந்த ‘வி’ உளியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, முன்னால் தெரியும் வெட்டுமுகம். பித்தளை, வெள்ளி, செம்பு ஆகியவற்றுக்கு இது உளியின் நீளத்தோடு 45 பாகை சாய்ந்திருக்கலாம். நுனி அடிக்கடி ஒடியும் கடினமான பொருளுக்கு 50 அல்லது 55 பாகையாக நிமிர்த்திக்கொள்வது வழக்கம், ஏனெனில் முகம் நிமிர நிமிர நுனிக்குப் பின்னால் எஃகு அதிகம் நின்று தாங்கும். அளக்கக் கருவி வேண்டியதில்லை. சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் 45 பாகை கையில் இருக்கிறது. இரண்டாவது, பலரும் கவனிக்காத அடிச்சரிவு. ‘வி’யின் இரு கீழ்ப்பக்கங்களிலும், நுனியை ஒட்டி, 15 முதல் 20 பாகை மேல்நோக்கிய சிறு சரிவு ஒன்று இருக்க வேண்டும். அதன் பயனாகத்தான் உளியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டே உலோகத்துக்குள் செலுத்தவும், வெட்டின் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடிகிறது. சரிவே இல்லையென்றால் உளி தரையோடு படுத்துக்கொண்டு மேலும் மேலும் ஆழமாகப் புதையும், அல்லது கைப்பிடி பொருளில் இடிக்கும்.

அடிச்சரிவின் நீளம் கால் மில்லிமீட்டருக்கும் அரை மில்லிமீட்டருக்கும் இடையில் இருந்தால் போதும். வளைவில் வெட்டும்போது நுனி ஒரு பாதையில் போக, நீண்ட சரிவின் வால் பகுதி வெளிப்புறச் சுவரில் உரசி உலோகத்தைப் பிதுக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் ‘ண’வின் சுழிகளில் வெளிப்பக்கம் மட்டும் பிசிறு எழுந்து, உட்பக்கம் சுத்தமாக இருப்பதைப் பாருங்கள், நீண்ட அடிச்சரிவின் அடையாளம் அதுதான். இரு பக்கச் சரிவுகளும் சமமாக இல்லாவிட்டால் உளி நேர்கோட்டிலும் ஒரு பக்கமாக இழுக்கும். வடிவம் சரியான பிறகு மிக மென்மையான கல்லில் முகத்தையும் சரிவுகளையும் மெருகேற்றுங்கள். சரிவு எவ்வளவு மெருகோடு இருக்கிறதோ அவ்வளவு பளபளப்பாக வெட்டின் உட்சுவர் அமையும். தோல் பட்டையில் தீட்டாதீர்கள். சவரக் கத்திக்குச் சரியான அது இந்த நுனியை உருட்டிவிடும்.

கூர்மையைச் சோதிக்க, உளியைச் சாய்த்துக் கட்டைவிரல் நகத்தின் மேல் எடையே இல்லாமல் வையுங்கள். நகத்தைப் பற்றிக்கொண்டால் வேலைக்குத் தயார். சறுக்கினால் மறுபடி கல்லுக்குப் போக வேண்டும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொள்வது நான் சொல்லும் முதல் செலவு. அதன் வழியே பார்க்கும்போது நுனியில் ஒளிப்புள்ளி ஒன்று மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. உண்மையான கூர்முனை ஒளியைத் திருப்பி அனுப்பாது. வேலையின் நடுவே எத்தனை முறை கூராக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தேகம் வரும் ஒவ்வொரு முறையும் என்பதுதான் பதில்.

டங்ஸ்டன் கார்பைடு முனைகளையும் யாரோ பரிந்துரைத்திருக்கிறார்கள். அது மிகக் கடினமானது, நீண்ட நேரம் கூர் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் சிறிது நெம்பினாலே பொட்டென்று ஒடியும். உங்களிடம் இருக்கும் எண்ணெய்க் கற்களால் அதைத் தீட்டவும் முடியாது, வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். புதிதாக ஓர் உளி வாங்குவதானால் ஹைஸ்பீட் ஸ்டீல், அதிலும் கோபால்ட் கலந்தது, கற்றுக்கொள்பவரின் கைத்தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். சூட்டுக்கும் எளிதில் அஞ்சாது.

டர்பன் கடற்காற்றில் இந்த எஃகு ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி வையுங்கள்.

பிடிமானம்

நீங்கள் தட்டை மேசையில் வைத்து இடக்கையால் அழுத்திக்கொண்டு, வலக்கையால் எழுத்தின் வடிவத்தை வரைவதுபோல் உளியை ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். பேனா பிடித்துப் பழகிய எல்லோரும் தொடங்கும் இடம் அது. செதுக்கு வேலையில் வலக்கை ஏறக்குறைய நிலையாக நிற்கும், திரும்புவது பொருள். இதை மற்றவர்களுக்கு விளக்க நான் பாடுபடுவதுண்டு, உங்களுக்கு ஒரு வரி போதும்: தையல் இயந்திரத்தில் ஊசி தன் இடத்திலேயே நிற்க, கழுத்து வளைவுக்குத் துணியை நீங்கள் திருப்பிக் கொடுத்ததைப் போலத்தான் இதுவும். இருபது ஆண்டு அந்தப் பழக்கம் உங்கள் இடக்கையில் இருக்கிறது, அதை இங்கே பயன்படுத்துங்கள்.

பொருள் திரும்ப வேண்டுமானால் அதன் அடியில் ஏதேனும் இருக்க வேண்டும். இதற்கென்றே கனமான இரும்பு உருண்டையில் சுழலும் வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) விற்கிறார்கள். நல்ல கருவி, விலையும் அதற்கேற்ப. அது வருவதற்கு முன்னும் பின்னும் உலகெங்கும் பயன்பட்டது மணல் நிரப்பிய தோல் பை. ஒரு சாண் அகலத்தில் இரண்டு வட்டத் தோல்களை வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்த நுண்மணலை இறுக்கி நிரப்பினால் பை தயார். கடைக்காரரைவிட நன்றாக நீங்களே தைப்பீர்கள். கடற்கரை மணலானால் உப்புப் போகப் பலமுறை அலச வேண்டும். சிறு தகடுகளை ஒரு மரக்கட்டையில் அரக்கால் ஒட்டி, கட்டையைப் பையின் மேல் வைத்துத் திருப்பலாம். மாமனாரின் கிண்ணத்தில் இருக்கும் அரக்கைக் கொட்டிவிடாதீர்கள். நம் கைவினைஞர்கள் அரக்கோடு செங்கல் பொடியும் சிறிது எண்ணெயும் கலந்து பதமாக்குவது வழக்கம். இறுகிப்போயிருந்தால் மெல்லிய தீயில் இளக்கிச் சிறிதளவு எண்ணெய் சேர்த்துப் பாருங்கள். உள்ளே வெற்றிடமான சொம்பு, குடம் போன்றவற்றில் வெட்டுவதற்கு முன் உட்புறம் அரக்கை நிரப்பித் தாங்கல் கொடுக்காவிட்டால் சுவர் ஒடுங்கும்.

உளியின் பிடி உள்ளங்கைக் குழியில் அமர வேண்டும். சுட்டுவிரல் உளியின் மேல் நீண்டு கிடக்க, நுனி விரலைத் தாண்டி ஓர் அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மாமனாரின் கை உங்கள் கையைவிடப் பெரிதாக இருந்திருக்கும். ஆகவே அவருடைய உளிகள் உங்களுக்கு நீளம். நீளமான உளியால் நுனியைக் கட்டுப்படுத்த முடியாது. பிடியைக் கழற்றிப் பின்முனையைக் குறைத்துக்கொள்ளுங்கள், குடும்பச் சொத்தைக் குறைக்கிறோமே என்று தயங்க வேண்டாம்.

வழுக்கலுக்கு எதிரான காவல் கட்டைவிரல்தான். வலக்கைக் கட்டைவிரலின் நுனி பொருளின் மேல் ஊன்றி நிற்க, உளி அதன் பக்கவாட்டில் உரசிக்கொண்டு முன்னேற வேண்டும். இப்படி இருந்தால் உளி தப்பினாலும் சில மில்லிமீட்டரில் நின்றுவிடும். ஒரே தள்ளலில் முழு ஆழத்தையும் எடுக்க முயலாதீர்கள். மெல்லிய கோடு ஒன்று, பிறகு அதே பள்ளத்தில் இரண்டாவது, மூன்றாவது. வெட்டை முடிக்கும் இடத்தில் பிடியைத் தாழ்த்தினால் நுனி தானாக மேலே வரும், சீவல் அறுந்து விழும். இடக்கை விரல்கள் ஒருபோதும் உளியின் பாதையில் இருக்கக் கூடாது. இந்த வேலையில் ஆழமான காயங்கள் எல்லாம் இடக்கையில்தான் விழுகின்றன. கட்டைவிரலுக்குத் தோல் உறை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள், டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை காலமாயிற்று என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒடிந்த நுனி எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சில பித்தளைகளில் ஈயம் கலந்திருப்பதால், சீவல்களைச் சமையல் மேசையில் சிதறவிடாமல், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்.

இயந்திரமும் உங்கள் கையும்

காற்றழுத்தச் செதுக்கு இயந்திரத்தை ஏமாற்று வேலை என்று இகழ்பவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் டான் கிளேசர் உருவாக்கிய வகைக் கருவியிலிருந்து இந்தத் தொழிலே மாறியது. பிடிக்குள் இருக்கும் சிறு பிஸ்டன் உளியின் பின்புறத்தை நொடிக்குப் பலமுறை தட்டும். கை திசையைக் காட்டினால் போதும், தள்ள வேண்டிய பலம் குறையும். ஆனால் அது நுனியின் வடிவத்தைச் சரிசெய்து தராது. தவறான அடிச்சரிவுள்ள உளியை அதில் மாட்டினால் அதே பிசிறு இன்னும் வேகமாக எழும். காற்றுக் கம்பிரசர் தனிச் செலவு, அதன் இரைச்சல் வரிசை வீடுகளில் அண்டை அயலாருக்குத் தொல்லை, மின்வெட்டு வந்தால் வேலை நிற்கும். ஒழுங்காக ஆர்டர்கள் வரத் தொடங்கிய பின் வாங்கினால் அது முதலீடு. கடன் வாங்கி இப்போதே வாங்கினால், கருவிக்காக நீங்கள் உழைக்க வேண்டியிருக்கும். நீங்கள் ஏற்கெனவே வாங்கிய சுழலும் கைக்கருவி உலோகத்தை அரைத்து எடுப்பதே தவிர வெட்டுவதில்லை, ஆகவே அதன் பள்ளம் சொரசொரப்பாகத்தான் இருக்கும். துளையிடவும் மெருகேற்றவும் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்கை வலியை இயந்திரத்துக்கு ஆதரவான காரணமாகச் சொல்கிறீர்கள். வலிக்குப் பொருத்தமில்லாத பிடியும் உயரமான மேசையும் காரணமாக இருக்கலாம். மேசை தாழ்ந்து, முழங்கை பக்கத்தில் அமர்ந்து, தள்ளும் பலம் மணிக்கட்டிலிருந்து வராமல் தோளிலிருந்து வந்தால் பெருமளவு குறையும். ஆனால் இரவில் விரல்கள் மரத்துப்போவது வேறு விஷயம். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்தால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதாக இருக்கக்கூடும். நீண்ட காலம் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தவர்களுக்கு இது வருவதுண்டு. இதை மருத்துவரிடம் காட்டாமல் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உளி பிடிக்காதீர்கள். அதிரும் கருவி நரம்புக்கு நல்லதா என்பதையும் அவரிடமே கேட்டுவிட்டு இயந்திரத்தை யோசியுங்கள்.

இடையில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. உளியைக் கையால் தள்ளாமல், சிறு சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி ஓட்டுவது. வட இந்தியாவின் மொராதாபாத் பித்தளைப் பாத்திரங்களில் நீங்கள் பார்த்திருக்கும் கொடி வேலைப்பாடு உளியைத் தட்டிச் செய்யப்படுவதுதான். உள்ளங்கையில் அழுத்தம் விழாது, செலவும் ஒரு சுத்தியல்தான். பித்தளைத் தட்டில் பெரிய எழுத்துகளுக்கு நான் இதையே விரும்புவேன்.

கோயில் தட்டுகள்

உங்கள் குத்துவிளக்கில் நுனி ஒடிந்ததற்கு உங்கள் கையை மட்டும் குறைசொல்ல வேண்டாம். விளக்குகள் பெரும்பாலும் வார்ப்பு வேலை. வார்த்த பித்தளையின் உள்ளே மணல் துகளும் காற்றுக் குமிழும் சிக்கியிருக்கும், உளி அவற்றில் மோதினால் ஒடியத்தான் செய்யும். கற்றுக்கொள்ள அது ஏற்ற பொருளே இல்லை. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைத் தகட்டை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக வாங்கிப் பழகுங்கள். செம்பு மிருதுவானது என்று நினைத்துத் தொடங்கிவிடாதீர்கள், அது உளியில் ஒட்டிக்கொண்டு இழுக்கும். ஒரு துளி எண்ணெய் தொட்டுக்கொள்ளாமல் சுத்தமாக வெட்டாது. முதலில் ஒரே ஆழத்தில் இணைகோடுகள், பிறகு பிறைகள், பிறகு முழு வட்டம், அதன் பிறகே எழுத்து.

கமிட்டி தரும் தட்டுகளை ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. எழுத்து வெட்டினால் முலாம் கிழிந்து சில மாதத்தில் துரு வழியும். வெள்ளி முலாமும் அப்படியே, வெட்டின் அடியில் வேறு உலோகத்தின் நிறம் தெரியும். பளபளப்புக்காக மேலே அரக்கு வார்னிஷ் பூசியிருந்தால் அதை அசிட்டோனால் துடைத்தெடுத்துவிட்டுத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் வெட்டின் ஓரத்தில் அது செதில் செதிலாக உரியும்.

தட்டின் மேல் வெள்ளை வர்ணத்தை மெல்லப் பூசி, கவராயத்தால் மேல்கோடும் கீழ்கோடும் இழுத்து, பென்சிலால் பெயரை எழுதி, பிறகு எஃகு முனையால் மெல்லிதாகக் கீறிக்கொள்ளுங்கள். நம் எழுத்துகளில் நேர்கோட்டைவிடச் சுழியும் வளைவும் அதிகம் என்பதால் எட்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த உயரத்தில் இப்போது முயல வேண்டாம். ‘ஞ’வும் ‘ணை’யும் சின்ன அளவில் அடைந்துபோகும். சுழிகளை ஒரே மூச்சில் வெட்டாமல், இரு முனைகளிலிருந்தும் வந்து நடுவில் சேருங்கள். வளைவின் நடுவில் உளியைச் சற்றே பக்கவாட்டில் உருட்டினால் கோடு தடித்து, மறுபடி நிமிர்த்தும்போது மெலியும். எழுத்துக்கு உயிர் தருவது அந்தத் தடிப்பும் மெலிவும்தான். பழைய செப்பேடுகளில் புள்ளியை விட்டுவிட்டு எழுதிய இடங்கள் ஏராளம். லெய்டன் செப்பேடுகள் எனப்படும், இராசராசன் காலத்து ஆனைமங்கலக் கொடையைச் சொல்லும் 21 ஏடுகளைப் போன்றவற்றைப் படிப்பவர்கள் இடம் பார்த்துப் புள்ளியை ஊகித்துக்கொள்கிறார்கள். உபயதாரர் அப்படி ஊகிக்க மாட்டார். புள்ளிகளை எல்லா எழுத்தும் முடிந்த பின், உருண்டை முனையுள்ள சிறு முளையால் ஒரே தட்டில் வைத்தால் எல்லாம் ஒரே அளவாக அமையும்.

பெயர்களின் எழுத்து விஷயத்தில் நீங்கள் பொறுப்பேற்காதீர்கள். இங்கே நம் குடும்பப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் பதிந்து பல தலைமுறை ஆகிவிட்டன. ‘கவென்டர்’ என்று சொல்லும் ஒரு குடும்பத்தார் கவுண்டர் என்று பொறிக்கச் சொல்வார்கள், இன்னொரு குடும்பத்தார் அதை மறுப்பார்கள். முருகனுக்கு எந்த ‘ன’, வள்ளிக்கு எந்த ‘ள்ளி’ என்று உபயதாரருக்கே ஐயம் இருக்கலாம். கமிட்டியிடம் பெயர்களைத் தமிழில் எழுதி வாங்கி, நீங்கள் வெள்ளைப் பூச்சில் எழுதியதைப் புகைப்படம் எடுத்து அனுப்பி, ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகே உளியை எடுங்கள். பழைய விளக்கைப் பார்த்து எழுதச் சொன்னால், 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முந்தைய ‘லை’, ‘னை’, ‘ணா’ வடிவங்கள் அதில் இருக்கும். அவை வேண்டுமா, இன்றைய வடிவம் வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தைப்பூசத்துக்குள் பன்னிரண்டு தட்டு முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நல்லது. ஒரே ஒரு தட்டை, ஒரு சொல்லோடு, கூலி வாங்காமல் செய்து தருவதாகச் சொல்லுங்கள். மற்றவை ஈஸ்டர் நாள்களில் வரும் மாரியம்மன் திருவிழாவுக்குப் பிறகு என்று பேசிக்கொள்ளலாம். அவசரத்தில் கெட்ட எழுத்து கோயிலில் ஐம்பது ஆண்டு இருக்கும்.

பிறர் பொருளை வாங்கும்போது

‘பொருளுக்கு உரிமையாளரே பொறுப்பு’ என்று ஓர் அட்டை மாட்டிவிட்டால் எந்த வழக்கும் வராது என்று நம்புகிறீர்கள். அந்த நம்பிக்கை அவ்வளவு உறுதியானதல்ல. கூலிக்குத் தொழிலாகச் செய்யத் தொடங்கினால், தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். வாடிக்கையாளரின் உடைமையைக் கையில் வைத்திருப்பவர் அதை உரிய கவனத்தோடும் திறமையோடும் காக்க வேண்டும் என்கிறது அதன் 65ஆம் பிரிவு. பெரும் கவனக்குறைவால் விளைந்த இழப்புக்குப் பொறுப்பில்லை என்று எழுதிக்கொள்ளும் நிபந்தனைக்கு 51ஆம் பிரிவு இடம் தராது. அட்டையைவிடப் பயன்படுவது ஒரு சின்னப் பற்றுச்சீட்டு: பொருள் என்ன, ஏற்கெனவே உள்ள கீறல் எது, முலாமா வார்ப்பா, என்ன எழுத வேண்டும், கூலி எவ்வளவு, இருவர் கையெழுத்து. வாங்கும்போதே நாலு பக்கமும் புகைப்படம் எடுங்கள். பழைய வெள்ளி, பித்தளைப் பொருள்களை நீங்களே விலைக்கு வாங்கிப் பெயர் பொறித்து விற்கும் எண்ணமும் இருப்பதாகத் தெரிகிறது. அப்படியானால் 2009ஆம் ஆண்டின் 6ஆம் எண் பயன்படுத்திய பொருள்கள் சட்டத்தின்படி காவல்துறையிடம் பதிவு செய்ய வேண்டுமா என்பதை வாங்கத் தொடங்கும் முன்பே உங்கள் பகுதி நிலையத்தில் கேளுங்கள்.

வளையலைப் பொறுத்தவரை என் பதில் தெளிவானது: தொடாதீர்கள். இந்த நாட்டில் தங்கமும் பிளாட்டினக் குடும்ப உலோகங்களும் 2005ஆம் ஆண்டின் 37ஆம் எண் விலைமதிப்புள்ள உலோகச் சட்டத்தின் கீழ் வருகின்றன. நகையாகவோ நாணயமாகவோ வேறு பொருளாகவோ வடிவம் பெறாத தங்கத்தை உரிமமின்றி வைத்திருப்பதே குற்றம். வெள்ளியும் பித்தளையும் அந்தப் பட்டியலில் இல்லை. அணியும் நகையை வைத்திருப்பது வேறு, அதில் தொழிலாக வேலை செய்து சீவலும் துகளும் கையில் சேர்வது வேறு. அந்த எல்லை உங்கள் வேலையில் எங்கே விழுகிறது என்பதைத் தென்னாப்பிரிக்க வைர, விலைமதிப்புள்ள உலோக ஒழுங்காணையத்திடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தங்கத்தில் இறங்க வேண்டாம். தொழில்முறையிலும் அது இப்போதைக்கு உங்களுக்கு ஏற்றதல்ல. பெரிதாகத் தெரிந்தும் கையில் லேசாக இருக்கும் வளையல் உள்ளே வெற்றிடமானது. அதன் சுவர் மிக மெல்லியது, உளி ஒருமுறை ஆழமாக இறங்கினால் ஓட்டை விழும், பற்றவைத்து அடைத்தாலும் தடம் தெரியும். வளையலைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் இந்த வாரமே திருப்பிக் கொடுத்து, உரிமம் பெற்ற நகைத் தொழிலாளி ஒருவரிடம் அனுப்பிவையுங்கள். உங்கள் கையால் பெயர் பொறித்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அந்த அம்மாவுக்கு இருந்தால், வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒன்றை, உங்கள் பயிற்சித் தகட்டில் அவர் பெயர் பிசிறின்றி வந்த பிறகு, கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.